மூன்று மாத அவகாசம்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் பின்னிரவில் தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் மரணச் செய்தியாகத்தான் இருக்கும் என்பது நம்மவர் எல்லோரும் அறிந்ததே. நெஞ்சு படபடக்க எடுத்தேன். ரொறன்ரோவிலிருந்து மச்சான்.

“மச்சான், கெசற்றில எங்கட காணியும் வந்திட்டுதாம் எண்டு இங்க சனம் கதைக்குது. மெய்யோ? நீ பேப்பர்க்காரன், உனக்குத் தெரியாமலிருக்குமோ?”

அவன் குறிப்பிட்டது 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலை. வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்தின் உரித்தைத் தீர்மானிக்கப்போவதாக அரசு அதில் அறிவித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, எங்கள் மன்னாரில் 54. உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் கோரவேண்டும். கோராவிடில் அந்நிலம் அரசுடையது என்று பிரகடனம் செய்யப்படும். இதுதான் அதன் சாரம்.

மச்சான் ஊரைவிட்டுப் போய் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நானாட்டானுக்கும் முருங்கனுக்கும் இடையில் கட்டுக்கரைக்குளத்து வாய்க்காலோரம் எங்கள் அம்மப்பாவின் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் கேட்டான். அறிவித்தலில் மன்னாருக்குரிய பகுதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் வயல் அதில் இல்லை. மறுநாள் சொன்னபோது பெருமூச்சு விட்டான். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. காரணம், மூன்று மாதம் என்ற அந்த அவகாசத்தை நான் முதன்முதலில் கேள்விப்பட்டது எந்தச் செய்தியறையிலும் அல்ல. எனக்குப் பதினான்கு வயதானபோது, 1983இல், அம்மப்பாவின் வாயிலிருந்து கேட்டேன்.

அம்மப்பா இளமையில் நில அளவையாளர்களோடு சங்கிலி பிடித்தவர். ‘சர்வேக்காரத் துரை’ ஊருக்கு வந்தால் கூடாரம் அடிக்கவும், காட்டுப் பற்றைகளை வெட்டிப் பார்வைக்கோடு திறக்கவும், கொடிக்கம்பு நடவும், சங்கிலியை இழுக்கவும் உள்ளூர் ஆட்களை நாட்கூலிக்கு எடுப்பார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சங்கிலியின் கணக்கை அவர் இறுதிவரை மறக்கவில்லை. அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணிகள். எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். “வெயிலுக்குச் சங்கிலி நீளும் தம்பி, அதுக்கும் கணக்கிருக்கு” என்பார். பகல் முழுவதும் இழுத்தால் உள்ளங்கை கொப்பளித்துவிடுமாம்.

அளவை நடந்த விதத்தை அவர் சொல்லக் கேட்டதை அப்படியே தருகிறேன். முக்காலியில் கருவியை நிறுத்தித் துரை கண்ணை வைப்பார். தூரத்தில் கொடி. இடையில் சங்கிலி. மூலைக்கு மூலை கல் நாட்டப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். அதன்பின், பக்கத்தில் நிற்கும் ஊர் அதிகாரியைப் பார்த்துத் துரை ஒரு கேள்வி கேட்பார்: “இது யாருடையது?” அதிகாரி பெயர் சொன்னால் பெயர் எழுதப்படும். வயலா, தோட்டமா, காடா என்பதும் எழுதப்படும். பெயர் சொல்ல ஆள் இல்லையென்றால், முடிக்குரியது.

இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சட்ட வரலாறு இருக்கிறது. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800இல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளின் பின் வந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்றதும் பயிரிடப்படாததுமான நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அனுமானிக்கச் சொன்னது. நிரூபிக்கும் பொறுப்பை அது குடியானவன் தலையில் வைத்தது. 1897இன் முதலாம் இலக்கத் தரிசு நிலச் சட்டம் இதற்கு ஒரு காலக்கெடுவைச் சேர்த்தது. அறிவித்தல் வெளியாகி மூன்று மாதங்களுக்குள் எவரும் உரிமை கோராவிடில் நிலம் அரசுக்கு. அந்த இடத்தை 1931இல் 20ஆம் இலக்கக் காணித் தீர்வுக் கட்டளைச் சட்டம் எடுத்துக்கொண்டது. 2025இல் மச்சானைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய அறிவித்தல், இந்த 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விடுக்கப்பட்டதுதான். ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. மூன்று மாதம் மாறவில்லை.

தமிழகத்து வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படலாம். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண் இருந்தது, பட்டா இருந்தது, வரி கட்டிய கணக்கு ஆண்டுதோறும் எழுதப்பட்டது. வரி சுமைதான். ஆனால் அந்தச் சுமையே உழுதவனுக்குச் சாட்சியும் ஆயிற்று. இலங்கையில் அவ்வாறு நாடு முழுவதையும் துண்டு துண்டாக அளந்து உரித்தைப் பதிந்த பதிவேடு எக்காலத்திலும் முழுமை பெறவில்லை. இருந்த நெல்வரியும் 1892இல் நீக்கப்பட்டது. இங்கே பதியப்பட்டது உறுதிப் பத்திரமே, உரித்து அன்று. எங்கள் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிழக்கே இன்னார் காணி, மேற்கே குளக்கட்டு, வடக்கே வாய்க்கால், தெற்கே வெளி என்று எழுதியிருக்கும். பரப்பளவுகூட, இத்தனை மரைக்கால் விதைப்பு என்று விதைநெல்லின் அளவால் சொல்லப்பட்டிருக்கும். ஒருவன் காணிக்கு அயலவன் சாட்சி. அயலவன் காணிக்கு இவன் சாட்சி. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில், காணி விற்பவன் முதலில் பங்காளிகளுக்கும் அயலவருக்கும் அறிவிக்கவேண்டும் என்ற முறை இருந்ததும் இந்த அடிப்படையில்தான். அயலவன் சிதறிவிட்டால் இந்த ஏற்பாட்டில் எதுவுமே நிற்காது.

அத்துடன், ‘தெற்கே வெளி’ என்ற அந்த வெளி எவர் பெயரிலும் இல்லாதது. மாடு மேய்ந்த தரவை, சூடு மிதித்த களம், வற்றிய குளத்தின் உட்பகுதி எல்லாம் ஊருக்குப் பொது. “யாருடையது?” என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாத நிலங்கள் அவை. ஆகவே முதலில் போனவையும் அவையே.

மன்னாரின் தரையும் இந்தக் கேள்விக்கு ஒத்துவராத தரை. ஒருபுறம் தீவும் கடலும். மறுபுறம் பெருநிலத்தில் குளத்தை நம்பிய கிராமங்கள். வானம் பொய்த்தால் விதைப்பில்லை. குளம் உடைத்துக்கொண்டால், திருத்தும்வரை ஐந்தாறு வருடங்களும் விதைப்பில்லை. காய்ச்சல் வந்தால் ஊரே இடம்பெயரும், தணிந்தபின் திரும்பும். பயிரிடாமல் கிடந்தது என்பதற்கு, கைவிடப்பட்டது என்று இங்கே பொருளில்லை. தண்ணீருக்குக் காத்திருந்தது என்றே பொருள். சட்டத்தில் அதற்குரிய சொல் இல்லை. பயிர் உண்டு அல்லது தரிசு, இரண்டே நிரல்கள்.

ஆங்கிலேயர் ‘இராட்சதக் குளம்’ என்று பெயரிட்டழைத்த கட்டுக்கரைக்குளத்தின் கதையே இதற்கு ஒரு நல்ல உதாரணம். அருவி ஆற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியாக நீரைக் கொண்டுவந்து, நூற்றுக்கு மேற்பட்ட சிறுகுளங்களுக்குப் பங்கிடும் பழைய அமைப்பு அது. 1859இல் வெளியான தமது நூலில் சேர் எமர்சன் டெனன்ட், அதைக் கட்டிய பழையவர்கள் நீர்மட்டத்தைப் பிழையாகக் கணித்துவிட்டதால் உழைப்பெல்லாம் வீணாயிற்று என்ற கருத்தில் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரித்தானியப் பொறியியலாளர்களே அதே அணையையும் அதே கட்டையும் திருத்தினார்கள். தண்ணீர் வந்தது, நின்றது. இன்றும் நிற்கிறது. பிழைவிட்டவர் யார் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. தண்ணீர் வந்ததும், அதுவரை எவரும் திரும்பிப் பாராத நிலத்துக்கு விலை வந்தது. விலை வந்ததும் அளவுச் சங்கிலி வந்தது.

அளந்தவர்களையெல்லாம் கொடியவர்களாகச் சித்திரிப்பது எனது நோக்கமன்று. ஒரு மைலை ஓர் அங்குலமாக்கி இலங்கை முழுவதையும் வரைந்த பணி 1897இல் ஆரம்பித்து 1924இல் முடிந்தது. காய்ச்சலும் யானையும் தண்ணீர்ப் பஞ்சமும் நிறைந்த வன்னிக் காட்டில் ஆண்டுக்கணக்காகக் கூடாரத்தில் கிடந்து வேலை செய்தவர்கள் அவர்கள். நில அளவைத் திணைக்களத்தில் பணியாற்றிய ஆர். எல். புரோகியர் பின்னாளில் பழைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி எழுதிய தொகுதிகள் இல்லையென்றால், நம் குளங்களின் வரலாறே பாதி இருட்டில் கிடந்திருக்கும். 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு, முடிக்குரிய நிலத்தைப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு விற்கும் வழக்கத்துக்கு மாறாக, முதலில் கிராமத்தவரின் தேவையைக் கருதவேண்டும் என்று சொன்னது. ஊரின் வருங்கால விரிவுக்கு இவ்வளவு, மேய்ச்சலுக்கு இவ்வளவு, காட்டுக்கு இவ்வளவு என்று வரைபடத்திலேயே வகுத்து ஒதுக்கச் சொன்னது. அதன் வழியில் 1935இல் வந்ததுதான் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டம். நிலமற்றவனுக்கு அனுமதிப் பத்திரத்தில் நிலம், நினைத்தபடி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாத நிலம். கடன்காரனிடமிருந்து குடியானவனைக் காப்பது அதன் எண்ணம். அது நல்ல எண்ணம் என்றே இன்றும் கருதுகிறேன்.

எங்கள் அம்மப்பாவின் இரண்டு ஏக்கர் அப்படிக் கிடைத்ததுதான்.

ஒவ்வொரு மாசி, பங்குனியிலும் அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் அம்மப்பா முதல் வேலையாக இரண்டு மூட்டையைத் தனியே எடுத்து வைப்பார். அதைப் பேசாலைப் பக்கத்தில் குடியிருந்த ஒரு வயோதிப மாதுவின் வீட்டுக்குக் கொண்டுபோவார். பள்ளி விடுமுறையென்றால் நானும் கூடப் போவேன். அந்த ஆச்சி எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் தருவார். மூட்டையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஊரில் அந்தக் குடும்பத்தைப் புளியடி வீட்டார் என்பார்கள். எங்கள் ஊரிலோ புளியடி என்பது எங்கள் வயலின் பெயர். அந்த வயதில் இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏழைக்கு இரங்கும் அம்மப்பா என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

1983இல் அந்த ஆச்சி இறந்தார். செத்தவீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில், தாழ்பாலத்தைக் கடக்கும்போது, நான் கேட்காமலே அம்மப்பா சொன்னார்.

“புளியடியை அளந்த அண்டைக்கு நான்தான் சங்கிலி பிடிச்சனான்.”

அப்போது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. சிறுகுளம் உடைத்து ஆறேழு வருடமாக அந்தப் பகுதியில் விதைப்பில்லை. புளியடி வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துவிட, மனைவி இரண்டு பிள்ளைகளோடு தீவிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார். வயலில் ஆளுயரத்துக்கு விடத்தலும் நாயுருவியும் மண்டிக் கிடந்தன. துரை வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஊர் அதிகாரி காட்டுப் பற்றையைப் பார்த்தார், புளியமரத்தைப் பார்த்தார், பேசாமல் நின்றார். துரை எழுதிக்கொண்டு அடுத்த துண்டுக்கு நடந்தார்.

“உங்களுக்குத் தெரியுந்தானே அம்மப்பா. சொல்லியிருக்கலாமே?”

“சங்கிலி பிடிக்கிறவன் கதைக்கப்படாது தம்பி. அண்டைக்கு அப்பிடித்தான் நினைச்சன்.”

சிறிது தூரம் போனபின் மறுபடி சொன்னார்: “கச்சேரிச் சுவரில மூண்டு மாதம் கடுதாசி ஒட்டிக் கிடந்தது. நான் ரெண்டு தரம் பார்த்தனான். அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. பேசாலைக்கு ஒருக்காப் போய்ச் சொல்ல எனக்கும் கால் வரேல்லை.”

சில ஆண்டுகள் கழித்து அந்த நிலம் துண்டுகளாக்கப்பட்டுப் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, விண்ணப்பித்த நிலமற்ற இளைஞர்களில் அம்மப்பாவும் ஒருவர். அவருக்கு விழுந்த துண்டில் புளியமரம் நின்றது. அவர் எதையும் களவெடுக்கவில்லை. பத்திரம் சட்டப்படி சரியானது. சட்டப்படி சரியான அந்தப் பத்திரத்துக்காக நாற்பத்தைந்து வருடம் இரண்டு மூட்டை நெல் சுமந்தார். மறு வருடமே அவரும் காலமானார். அதன்பின் மூட்டை போகவில்லை. போவதற்கு ஊரிலும் ஆட்கள் இல்லை. பேசாலையிலும் தலைமன்னாரிலும் இருந்து எண்ணற்ற குடும்பங்கள் படகேறி இராமேஸ்வரம் கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போன காலம் அது. புளியடி ஆச்சியின் பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள் என்று அறிந்தேன்.

இதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ‘ஆள் இல்லாமை’ என்பது காய்ச்சலாலும் குளம் உடைப்பதாலும் வருவதாக இருக்கவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். தமிழன் என்ற முறையில் இதை எழுதும்போது எனக்கு வெட்கமுண்டு. நம்மில் பெரும்பாலோர் அன்று சங்கிலி பிடித்தவர்களைப் போல் பேசாமல்தான் நின்றோம்.

போர் 2009இல் முடிந்தபின் முசலிப் பகுதிக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். சிலாவத்துறைக்குத் தெற்கே கரடிக்குளி, மறிச்சுக்கட்டி என்று ஊர்கள். இருபது ஆண்டுகளில் காடு ஊர்களுக்குள் ஏறிவிட்டிருந்தது. திரும்பிவந்த ஒரு முதிய பெண், முள் மரங்களுக்குள் என்னை அழைத்துப்போய்க் கத்தியால் கொடிகளை விலக்கி ஒரு கிணற்றுக்கட்டைக் காட்டினார். “இதுதான் மகன் எங்கட உறுதி” என்றார். கையில் வேறு கடதாசி இல்லை.

2012 அக்டோபரில் அந்தப் பகுதியில் பெரும் பரப்பு ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தங்களை எவரும் கேட்கவில்லை என்றார்கள் மக்கள். 2017 மார்ச் 24ஆம் திகதி, மொஸ்கோவில் தங்கியிருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அங்கிருந்தபடியே கையொப்பமிட்ட அறிவித்தலால், மாவில்லு பேணற்காடு என்ற பெயரில் 40,030 ஹெக்டேயர் ஒன்றாக்கப்பட்டது. காடு காக்கப்படவேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. வில்பத்துவை அண்டிய கல்லாறு ஒதுக்கக் காட்டில் மீள்குடியேற்றத்தின் பெயரில் மரங்கள் அழிக்கப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்ததையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் எது பழைய காடு, எது ஊர்மேல் ஏறிய இருபது வருடக் காடு என்று பிரித்தறிய அந்தக் கிணற்றடிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே பச்சை.

மறிச்சுக்கட்டியில் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது, அதே கரையில் அரசாங்கமே ஒரு நகரத்தை அமைத்தது. தெரு, கடை, பொலிஸ், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் இருந்தன. 1906இல் அங்கே கடமைபார்த்த லெனார்ட் வுல்ஃப் தமது சுயசரிதையில் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில வாரம் வாழ்ந்த நகரம் அது. சிப்பி எண்ணுவதற்கு வேண்டியிருந்தபோது அந்த மணலில் ஒவ்வொரு கொட்டகைக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாய் அங்கே பிறந்து இறந்தவர்களுக்கு அப்படியொரு கணக்கு இருக்கவில்லை.

வர்த்தமானி விடயத்துக்கு வருகிறேன். 2025 அறிவித்தலில் பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்து நிலம். அங்கே வடமராட்சி கிழக்குக் கரையில் 2004ஆம் ஆண்டு கடற்கோள் பெட்டியோடும் உறுதியோடும் வீடுகளை வாரிக்கொண்டு போனது. எஞ்சியதைப் போர் தின்றது. உரியவர்களில் பலர் கனடாவில், பிரான்சில், தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். பலர் உயிரோடு இல்லை. அவர்களைப் பார்த்து, மூன்று மாதத்தில் வந்து நிரூபி என்றது அறிவித்தல். எதிர்ப்பு எழுந்தது; வழக்கும் தொடரப்பட்டது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை மீளப்பெற்றுக்கொண்டது. ஆனால் 1931ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

மச்சான் மறுபடி அழைத்தான். “தப்பியிட்டம் என்ன?” என்றான்.

நான் அவனுக்குப் புளியடியின் கதையைச் சொன்னேன். அவனுக்கும் அது அம்மப்பாதான், ஆனால் இதை அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. நீண்டநேரம் பேசாமலிருந்தான். பிறகு, “அப்ப இப்ப என்ன செய்யிறது? பெர்மிட் எங்கட பேரிலதானே?” என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. தொண்ணூறு ஆண்டு பழைய ஒரு மௌனத்தை எந்தக் கச்சேரியில் போய்த் திருத்துவது? அவனுக்கு உடனே சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

என்னால் செய்யக்கூடியது என்று தோன்றியதை மட்டும் செய்யத் தொடங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மத்தியானம் நினைவிருக்காது. ஆனால் ஊரின் காணிகள் நினைவிருக்கின்றன. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிணற்றடி வயல், ஆலடி, கோயிற்பிட்டி, வண்ணான் குளத்துக் கீழ்த்துண்டு, ஓடைக்கரை என்று அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல எழுதினேன். யாருடையது, அவருக்கு எத்தனை பிள்ளைகள், இப்போது எங்கே என்றும் கேட்டு எழுதினேன். மூன்று மாலைகளில் நாற்பத்தொரு துண்டுகள் ஆயின. இவை நீதிமன்றத்தில் எடுபடுமா என்றால் தெரியாது. ஆனால் அடுத்தமுறை ஒருவர் வந்து, இது யாருடையது என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு கடதாசியாவது இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அம்மா இருப்பார், ஒரு பெரியப்பா இருப்பார். உங்கள் காணியின் எல்லையை மட்டும் கேட்டு வைக்காதீர்கள். அயற்காணி யாருடையது என்றும் கேட்டு எழுதுங்கள். அது முஸ்லிம் வீட்டாருடையதாயின் அதையும், இந்தியாவுக்குப் போனவர்களுடையதாயின் அதையும் எழுதுங்கள்.

புளியடிக்கு வந்தபோது அம்மா சிறிது தயங்கினார். “அது நம்மட” என்றார். பிறகு, “எழுது, அது புளியடி வீட்டாற்ற” என்றார். அப்படியே எழுதினேன். புளியடி ஆச்சியின் பேரன் ஒருவர் திருச்சிக்கு அருகே முகாமில் இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. இந்த வருட அறுவடைக்குப் பின் போய்ப் பார்க்கலாம் என்று மச்சானும் சொல்கிறான்.